வேறொரு கழுத்து

அநியாயம் நடந்தது எனக்கு இல்லை, முத்துச்செல்விக்கு. இதை முதலிலேயே எனக்கு நானே சொல்லி வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உள்ளே விட்டதும் காலேஜ்காரர்கள் "உனக்கு என்னம்மா குறை?" என்றுதான் ஆரம்பிப்பார்கள், குறை எனக்கு என்று ஆக்கிவிட்டால் அதற்கு அவர்களிடம் மருந்து இருக்கிறது, மார்க்கைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுச் சமாதானமாக அனுப்பிவிடலாம். முத்துச்செல்வி என் அண்ணன் பெண்டாட்டி, என் மதினி. அவளுடைய கழுத்து ஒரு வீடியோவாக என் காலேஜுக்குப் போனது. பாடத்துக்கு ஆகாது என்று திரும்பி வந்தது. ஏன் ஆகாது என்று கழுத்துக்குச் சொந்தக்காரியிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. அவ்வளவுதான் வழக்கு, இதற்கு மேல் ஒரு வரி இல்லை, ஆனால் இந்த ஒரு வரியை எங்கே கொண்டு போனாலும் "அப்படிப் பார்க்கக் கூடாதும்மா" என்கிறார்கள், வேறு எப்படித்தான் பார்ப்பது. லேப்டாப் திரையில் ஒரு வாக்கியம் நிற்கிறது: கூட்டத்தை நடத்துபவர் உங்களை விரைவில் உள்ளே அனுமதிப்பார். விரைவில் என்றால் எப்போது என்று கேட்க அங்கே பட்டன் இல்லை. வாக்கியத்துக்குக் கீழே சின்னச் சதுரத்தில் என் முகம். தலை வாரி, பொட்டு வைத்து, காலேஜ் வெள்ளைக் கோட்டைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், இடுப்புக்குக் கீழே நைட்டிதான், அது கேமராவுக்குத் தெரியாது. தெரிகிற பாதியைச் சுத்தமாக வைத்துக்கொள் என்பதுதான் இந்தப் படிப்பு எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது. என் கழுத்து தெரிகிறது. தலையைக் கொஞ்சம் தூக்கி எச்சில் விழுங்கிப் பார்க்கிறேன். தொண்டை மேலே போய் வருகிறது, கட்டி ஒன்றும் இல்லை. ஒரு வருஷமாக இந்தப் பழக்கம், யாரைப் பார்த்தாலும் முதலில் கழுத்துதான், பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர் கழுத்து, கல்யாண வீட்டில் அட்டிகைக்கு மேலே பெண்ணின் கழுத்து, தண்ணீர் குடிக்கிற யாரையும் என்னால் சும்மா பார்க்க முடிவதில்லை. என் இடது பக்கம் கட்டிலில் மதினி உட்கார்ந்து மகளுடைய பள்ளிக்கூடச் சட்டையை மடிக்கிறாள். கேமராவில் அவள் விழமாட்டாள், நான்தான் கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். வெளிச்சத்துக்காக என்று சொன்னேன்.

நான் படிப்பது எம்.எஸ்ஸி. ஃபிசிஷியன் அசோசியேட். கோவில்பட்டியில் இதைச் சொன்னால் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அப்ப டாக்டரா, நர்ஸா?" இரண்டும் இல்லை. டாக்டருக்குப் பக்கத்தில் நின்று நோயாளியிடம் விசாரித்து, தொட்டுப் பார்த்து, எழுதி, டாக்டரிடம் சொல்கிற ஆள். "ஓ, கம்பவுண்டர்" என்றார் எதிர்வீட்டு மாமா, அன்றைக்கு நான் அவரோடு சண்டை போட்டேன், கம்பவுண்டர் இல்லை என்று ஒரு மணி நேரம் விளக்கினேன், கடைசியில் அவர், "சரி, பெரிய கம்பவுண்டர்" என்று சமாதானத்துக்கு வந்தார். பாதிப் படிப்பு வீட்டில், பாதி காலேஜில். சில வாரங்கள் லேப்டாப் முன்னால், பிறகு ஒரு வாரம் காலேஜுக்குப் போய் பொம்மை உடம்புகளில் கை பழக வேண்டும், கடைசி வருஷம் முழுக்க ஆஸ்பத்திரி. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம், ஊரை விட்டு வர வேண்டாம், வீடே வகுப்பறை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். வீடே வகுப்பறை என்றால் வீட்டில் இருக்கிறவர்கள் பொம்மைகள் என்று போடவில்லை. வாரா வாரம் ஒரு உறுப்பைச் சோதித்து வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அம்மாவின் முழங்கால், அண்ணனின் நெஞ்சு, மற்றதெல்லாம் மதினி. அம்மாவுக்குக் கூச்சம், அண்ணன் சிரித்துக் கெடுப்பான், மதினிதான் அசையாமல் உட்காருவாள். அவள் பைக் ஷோரூமில் போன் செய்கிற வேலையில் இருந்தாள். சார் வணக்கம், உங்க வண்டி சர்வீஸ் தேதி வந்துருச்சு, எப்ப கொண்டு வாரீக. நாள் முழுக்க இதே வாக்கியத்தை ஊரில் இருக்கிற எல்லாருக்கும் சொல்வாள், திட்டுகிறவனிடமும் அதே குரலில் சொல்வாள், அவள் போன் செய்தால் வராத வண்டி கிடையாது என்று மேனேஜர் சொல்வாராம். சாயங்காலம் வந்து கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏட்டி சங்கரி, இன்னைக்கு எந்தப் பார்ட்ஸு?" என்பாள். கண் என்பேன். "ஹெட்லைட்டா? சரி, பாரு." வயிறு என்றால் டேங்க். கழுத்து அன்றைக்கு மட்டும் அவளுக்கு ஒரு பேர் கிடைக்கவில்லை. யோசித்தாள். "கழுத்துக்கு வண்டில என்னது புள்ள இருக்கு?" நானும் யோசித்தேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அதையும் நாங்கள் ஒரு வருஷம் சொல்லிச் சிரித்திருப்போம்.

பின்னால் நிற்க வேண்டும். அதுதான் முறை. தைராய்டு பார்க்க நோயாளிக்குப் பின்னால் நின்று இரண்டு கைவிரல்களையும் கழுத்தின் முன்பக்கம் கொண்டு வந்து மெதுவாக வைத்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடிங்க என்று சொல்ல வேண்டும். கழுத்தை நெரிக்க வருகிறவன் நிற்கிற இடம் அது, முதலில் முன்னால் வந்து முகம் காட்டி அனுமதி கேட்டுவிட்டுத்தான் பின்னால் போக வேண்டும், அனுமதி கேட்க ஒரு மார்க், கை கழுவ ஒரு மார்க், சூடான கை வைக்க ஒரு மார்க். நான் எல்லாவற்றையும் செய்தேன். அம்மா போனைப் பிடித்திருந்தாள். மதினி தண்ணீர் குடித்தாள். என் வலது விரலுக்குக் கீழே அது ஏறி இறங்கியது. துணிக்கு அடியில் உரிக்காத நிலக்கடலையைத் தொட்ட மாதிரி, கெட்டியாக, மற்ற இடமெல்லாம் மெத்தென்று இருக்க அது மட்டும் ஒப்புக்கொள்ளாமல். இன்னொரு மடக்கு என்றேன். மறுபடி ஏறி இறங்கியது. இப்போதும் இந்த விரலில் இருக்கிறது, ஆள்காட்டி விரல் இல்லை, நடுவிரல், அதன் நுனியில், தட்டச்சு செய்யும்போது அந்த விரல் ஒரு எழுத்துப் பிந்துகிறது. நான் மறைக்கவில்லை. கேமராவைப் பார்த்து, பாடத்தில் சொன்ன மாதிரியே, வலது பக்கம் ஒரு கெட்டியான வீக்கம் தட்டுப்படுகிறது, விழுங்கும்போது நகர்கிறது என்று சத்தமாகச் சொன்னேன், வீடியோவில் இருக்கிறது, யாரும் கேட்கலாம். மதினி திரும்பிப் பார்த்து, "என்னது தட்டுப்படுது?" என்றாள். "திரும்பாத மதினி, வீடியோ ஓடுது." அதுவும் இருக்கிறது. என் குரல் எவ்வளவு எரிச்சலாக இருந்தது என்பதும் இருக்கிறது. ஆனால் அதற்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை, பேச்சை மாற்றக் கூடாது.

ஜெயசீலன் சார் மார்க் போட்டு அனுப்பினார். அவர் வெறும் வாத்தியார் இல்லை, அறுவை சிகிச்சை டாக்டர், கழுத்து அறுப்பதுதான் அவருடைய தொழில், எங்களுக்கு வாரம் இரண்டு நாள் திரையில் வந்து பாடம் எடுப்பார். கை கழுவியது நன்று. நிற்கும் இடம் நன்று. மாடல் பொருத்தமில்லை, வேறு கழுத்தில் எடுத்து அனுப்பவும். அவர் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான் வரும், இதைவிட ஒரு சொல்லும் கூட வராது, நான் எத்தனையோ விதமாகச் செய்து பார்த்துவிட்டேன். மறுநாள் வகுப்பில் கையைத் தூக்கினேன், திரையில் அந்த மஞ்சள் கை வெகு நேரம் தூக்கியபடியே கிடந்தது, கடைசியில் கூப்பிட்டார். "சார், அந்த வீக்கம்?" "எந்த வீக்கம்மா?" "என் வீடியோவுல சார், மாடலுக்கு." "இந்த செமஸ்டர்ல நார்மல் மட்டும்தான்மா. நார்மல் கழுத்து எப்படி இருக்கும்னு கை பழகணும். அப்நார்மல் அடுத்த வருஷம். யாருக்கும் வேற சந்தேகம் இருக்கா?" யாருக்கும் இல்லை. என் மைக்கை மூடிவிட்டார்கள், நான் "ஆனா சார்" என்று சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. நான் வீட்டில் சொன்னேன். சொன்னேன், இதைத்தான் நான் எல்லாரிடமும் கத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, நான் சும்மா இருக்கவில்லை. ஒரு ஸ்கேன் எடுத்துரலாம் மதினி என்றேன். அண்ணன் லோடு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன் ஈரக் கையோடு உள்ளே வந்து, "படிக்கப் போயி மூணு மாசம் ஆகலை, அதுக்குள்ள வீட்டு ஆளுக்கு நோய் கண்டுபிடிக்கா" என்றான். அம்மா அதற்கு மேல். "அவ்வளவு பெரிய டாக்டரு, கழுத்து டாக்டருங்க, அவரே பாத்துட்டாருல்லா? இருந்தா சொல்ல மாட்டாரா?" மதினி என்னைப் பார்த்தாள். "சாரு என்ன சொன்னாரு புள்ள?" "மாடல் சரியில்லைன்னாரு." அவள் வீடே அதிரச் சிரித்தாள். "ஏ, என் கழுத்து பெயிலாயிருச்சா?" அன்றிலிருந்து அது பெயில் கழுத்து. ஷோரூமில் போய்ச் சொல்லியிருக்கிறாள், அங்கேயும் பெயில் கழுத்து. தாலிக்கொடி மாற்றும்போது அம்மாகூட, பெயில் கழுத்துக்குத் தங்கம் ஒரு கேடா என்று கேலி பேசினாள்.

பெரிய டாக்டர் பார்த்துவிட்டார், ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே ஒன்றும் இல்லை. இந்த ஆகவேயில்தான் ஒரு வருஷம் போனது. ஒரு டாக்டர் வீட்டுப்பாடத்துக்கு மார்க் போட்டார், நாங்கள் அதை மருத்துவ முடிவாக எடுத்துக்கொண்டோம். எங்களை மாதிரி ஆட்கள்தான் அப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று பத்மலோசனி மேடம் போனில் சொன்னார்கள், மேடம்தான் இந்தப் படிப்புக்கு இயக்குநர், வார்த்தை இப்படி இல்லை, வார்த்தை மிருதுவாகத்தான் இருந்தது, "ஃபேமிலிக்கு அந்த வித்தியாசம் புரிஞ்சிருக்காது, பாவம்" என்றார்கள். பாவம். நான் திருப்பிக் கேட்டேன், மேடம், ஒரு கழுத்து டாக்டர் கட்டி இருக்கிற கழுத்தைப் பார்த்தால் அவர் அந்த நேரம் டாக்டரா, வாத்தியாரா? மேடம் சொன்னார்கள், "நீ நல்லா ஆர்க்யூ பண்றம்மா, லா படிச்சிருக்கலாம்." இப்படித்தான் கேள்வி கேட்டால் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பதில் சொல்லாமல் போய்விடுகிறார்கள். சார் கேட்ட அந்த வேறு கழுத்து அம்மாவுடையது. கூச்சத்தோடு சேலையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், தண்ணீரைக் குடிக்கச் சொன்னால் மடமடவென்று சொம்பு முழுக்கக் குடித்துவிட்டாள், மறுபடி எடுத்தோம். போனைப் பிடித்தது மதினி. எனக்கு எல்லாவற்றையும் விட, பின்னால் நடந்த ஆபரேஷனை விட, இதுதான் வலிக்கிறது. கட்டி உள்ளவள் நின்று, கட்டி இல்லாதவளின் கழுத்து நன்றாக விழும்படி போனைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்து, "அத்தை, தலையைத் தூக்குங்க, இந்தக் கழுத்தாவது பாஸாகட்டும்" என்கிறாள். அதுவும் வீடியோவில் பதிவாகியிருக்கிறது, கேமராவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல். முழு மார்க்குக்கு ஒன்று குறைவு. அவள் பழைய குரலில் கேலி பேசுவதை இனி எங்கேயாவது கேட்க வேண்டுமென்றால் அந்த வீடியோதான், அது காலேஜ் சர்வரில் இருக்கிறது, அடுத்த பேட்ச் பிள்ளைகளுக்கு நல்ல உதாரணம் என்று போட்டுக் காட்டுகிறார்கள்.

குரல் முதலில் தொண்டைக்கட்டு மாதிரி வந்தது. ஷோரூமில் ஏசி, அதனால் என்றார்கள். மிளகுப் பால், அதிமதுரம், ஆவி பிடித்தல். பிறகு போனில் வாடிக்கையாளர்கள் "யாரு, ஆம்பளையா பொம்பளையா பேசுறது?" என்று கேட்டார்கள், அதையும் அவள் வந்து நடித்துக் காட்டினாள், நடிக்கும்போது பாதியில் குரல் உடைந்து காற்றாகப் போனது, அன்றைக்குத்தான் நான் கூடச் சேர்ந்து சிரிப்பதை நிறுத்தினேன், ஏனென்றால் அப்போது அப்நார்மல் செமஸ்டர் வந்துவிட்டது, குரல் நரம்பு தைராய்டு சுரப்பிக்குப் பின்னால் எப்படி ஒட்டிப் போகிறது என்று நான் படம் வரைந்து பரீட்சை எழுதியிருந்தேன். யார் பேச்சையும் கேட்காமல் மதுரைக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா பின்னால் நின்று, விரல் வைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, ஒரு மடக்குதான், விரலை எடுத்துவிட்டார். "இது எப்ப இருந்து இருக்கு?" மதினி என்னைப் பார்த்தாள். அண்ணனும் என்னைப் பார்த்தான். ஆபரேஷன் முடிந்து அந்த டாக்டரம்மா வராந்தாவில் நின்று சொன்னார், உயிருக்குப் பயமில்லை, முழுசாக எடுத்தாச்சு, ஆனால் கட்டி குரல் நரம்பைச் சுற்றி ஏறிவிட்டது, நரம்போடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டியதாயிற்று, போன வருஷமே வந்திருந்தால் நரம்பை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுத்திருப்பேன். அண்ணன் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நான் வாதாடியிருப்பேன். ஷோரூமில் வேறு பெண்ணை வைத்துவிட்டார்கள், அதே வாக்கியத்தை அவள் சொல்கிறாள், அண்ணனுடைய பைக்குக்குப் போன மாதம் அந்தப் பெண்தான் போன் செய்தாள், சார் வணக்கம் என்று, அண்ணன் போனை வைத்துவிட்டு வண்டியை வெளியில் கொடுத்து சர்வீஸ் பார்த்தான். மதினி இப்போது மகளைக் கைதட்டித்தான் கூப்பிடுகிறாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, அதுவும் அம்மாவிடம் பேசும்போது ரகசியம் மாதிரிதான் பேசுகிறது, இது ஏதோ வீட்டுப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நான் ஒரு நாள், அடுப்பில் ஏதோ தீய்கிற நேரம், மதினி என்னமோ சொல்ல, "சத்தமாத்தான் சொல்லித் தொலையேன்" என்றேன். சொல்லிவிட்டேன். அவள் கரண்டியை எடுத்து ஒரு தட்டில் டங் டங் என்று அடித்து, இது போதுமா என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினாள். சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பும் காற்றுதான்.

ஆக, கேள்வி ஒன்றே ஒன்று. அவர் பார்த்தாரா, பார்க்கவில்லையா. பார்க்கவில்லை என்றால் கழுத்து டாக்டருக்கு என் வயதுப் பெண்ணின் விரலுக்குத் தெரிந்தது தெரியவில்லை, நான் வீடியோவில் வாய்விட்டுச் சொன்னதும் காதில் விழவில்லை, அப்படியானால் அவர் எங்களுக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறார். பார்த்தார் என்றால், அதற்கு மேல் எனக்கு வாக்கியம் வருவதில்லை, நாக்கு அங்கே போய் முட்டி நின்றுவிடுகிறது. காலேஜுக்கு எழுதினேன். பதில் வந்தது, காணொளியின் தெளிவுக் குறைவால் வீக்கம் எதுவும் புலப்படவில்லை. தெளிவுக் குறைவு என்றால் கை கழுவியது எப்படி நன்றாகத் தெரிந்தது? இதை பேட்ச் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். ஒருத்தி அழுகிற பொம்மை போட்டாள். ஒருத்தன், "சங்கரி, எல்லாருக்கும் போஸ்டிங் வர்ற நேரத்துல இது தேவையா" என்றான், அதற்கு நிறையக் கட்டைவிரல்கள். அதுதான் இப்போது குற்றம், குரூப்பில் போட்டது, ஆசிரியர் பெயரைக் கெடுத்தது. இன்றைக்கு நான் தவறான புரிதல் என்று இரண்டு சொல் சொன்னால் கடைசி வருஷத்துக்கு ஆஸ்பத்திரி ஒதுக்குவார்கள். சொல்லாவிட்டால் ஒதுக்கமாட்டார்கள், ஒதுக்கமாட்டோம் என்றும் சொல்லமாட்டார்கள், பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள், வருஷம் போய்விடும். எனக்கு அந்த ஆஸ்பத்திரி வேண்டும். இதை மதினி பக்கத்தில் இருக்கும்போது நினைக்கவே கூசுகிறது, ஆனால் வேண்டும், வார்டில் நடந்து போய், ஒரு ஆளுக்குப் பின்னால் நின்று, விரலில் ஏதாவது தட்டுப்பட்டால் அவரிடமே, அந்த ஆளிடமே முதலில் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் வேண்டும் என்று சொல்லிக்கொள்கிறேன், அது பாதி உண்மை, மீதிப் பாதி எதிர்வீட்டு மாமாவிடம் நான் கம்பவுண்டர் இல்லை என்று நிரூபிக்க. அண்ணன் காலையில் போகும்போது வாசலில் நின்று, "போனது போச்சு, மன்னிப்புக் கேட்டுட்டு உன் படிப்பைப் பாரு" என்றான். அம்மா திருநீறு பூசிவிட்டாள், மன்னிப்பு நல்லபடியாக முடிய. மதினி ஒன்றுதான் கேட்டாள், அதுவும் நேற்றே, என் காதுக்குள், அவள் பேச வேண்டுமென்றால் காதுக்குள்தான் பேச வேண்டும், வெதுவெதுப்பாக, நனைந்த பஞ்சைக் காதில் வைத்த மாதிரி: "பாத்தாரான்னு மட்டும் கேளு புள்ள. சண்டை போடாத. எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்." ஏன் தெரியணும், தெரிந்து என்ன, குரல் வருமா, என்று நான் கேட்டேன், நான்தானே, எதையும் கேட்டுவிடுவேன். அவள் யோசித்தாள். "நான் சிரிச்சேன்லா" என்றாள். "பெயில் பெயிலுன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேன்லா. கட்டி இருக்கது அப்ப அவருக்குத் தெரியாமலா, தெரிஞ்சா?" எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல். இவள் கேட்கிற ஒரு கேள்விக்கு நான் ஒரு வருஷத்தைக் கொடுக்க வேண்டும், இவளுக்கென்ன, வீட்டில் உட்கார்ந்து சட்டை மடிக்கலாம். இப்படியும் நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன். சட்டையின் கையை உள்பக்கம் மடித்து, காலரை நீவி, அடுத்ததை எடுக்கிறாள், துணியின் சத்தம் அவளைவிடப் பெரிதாக இருக்கிறது. சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருக்கிறாள், தழும்பு தெரியாமல். இன்றைக்கு மட்டும் எதற்கு மறைக்கிறாள், இங்கே யார் இருக்கிறார்கள், கேமராவிலும் அவள் இல்லை. கேமராவில் இல்லாவிட்டாலும் டாக்டர் வீட்டுக்கு வருகிற மாதிரி இருக்கிறது போல. தலையில் பூ வைத்திருக்கிறாள். இப்போதுதான் பார்க்கிறேன். பூ வைத்திருக்கிறாள்.

திரை சட்டென்று மாறியது. மூன்று சதுரங்கள். பத்மலோசனி மேடம், பின்னால் புத்தக அலமாரி. ஜெயசீலன் சார், ஏதோ ஆபரேஷன் முடித்து வந்த பச்சை உடுப்பில், டீ டம்ளரோடு. மூன்றாவது சதுரம் கறுப்பு, அலுவலகம் என்று மட்டும் எழுதியிருந்தது. "சங்கரி, சாப்டியாம்மா?" என்றார்கள் மேடம். சாப்பிட்டேன் மேடம். "அண்ணி எப்படி இருக்காங்க?" நல்லா இருக்காங்க மேடம். வாய் தானாகச் சொல்கிறது, எத்தனை நாள் தயார் செய்த வாய். "குட். பாரும்மா, இதைப் பெரிசு பண்ண இங்க யாருக்கும் ஆசை இல்ல. சாரும் வருத்தப்பட்டாரு, உன் மேல கோபம் எல்லாம் இல்ல. நீ ஒரு வார்த்தை சொன்னா எழுதிக்கிட்டு, போஸ்டிங் லிஸ்ட்ல உன் பேரைச் சேர்த்துடலாம்." ஜெயசீலன் சார் டீயை உறிஞ்சினார். விழுங்கினார். அவர் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன், நார்மல், மிகவும் நார்மல். நான் வாயைத் திறந்தேன். என்னுடைய அத்தனை வாதமும், டாக்டரா வாத்தியாரா, தெளிவுக் குறைவென்றால் கை எப்படித் தெரிந்தது, எல்லாம் வரிசையாக நின்றன, நான் திறந்த வாயிலிருந்து, "மேடம், அது வந்து, ஒரு தவறான" என்று வந்தது. என் குரல்தான். நன்றாகத் தெளிவாக இருந்தது. கட்டில் கிரீச்சிட்டது. மதினி எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், சின்னச் சதுரத்தில் என் முகத்துக்குப் பக்கத்தில் அவள் முகம் வந்தது, தலைப்பை ஒதுக்கிவிட்டிருந்தாள், தழும்பு முழுசாகத் தெரிந்தது. அவள் கேட்டாள். உதடு அசைந்தது. "யாரும்மா அது? ஆடியோ வரலையே," என்றார்கள் மேடம். அவள் இன்னும் கிட்டத்தில் குனிந்து மறுபடி கேட்டாள், கழுத்து நரம்பெல்லாம் புடைக்க. "காத்து மாதிரிதான் கேக்குது. சங்கரி, மைக்ல ஏதோ கோளாறு, ஹெட்போன் இருந்தா மாட்டிட்டுப் பேசச் சொல்லேன்." ஜெயசீலன் சார் டம்ளரைக் கீழே வைத்திருந்தார். "மைக் நல்லாத்தான் இருக்கு மேடம்," என்றேன். "அவங்க குரலே அதுதான்." மேடத்துக்குப் பின்னால் அலமாரியில் ஒரு புத்தகம் சாய்ந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மேடம் தணிந்த குரலில், "என்ன கேக்குறாங்க, நீ சொல்லும்மா" என்றார்கள்.

நான் சொல்லலாம். இந்த உலகத்தில் அந்தக் காற்றுக்கு என் காது மட்டும்தான் அர்த்தம் சொல்லும். நன்றி சொல்றாங்க மேடம் என்று சொல்லலாம், சங்கரியை மன்னிச்சிருங்கன்னு கேக்குறாங்க என்று சொல்லலாம், அவர்கள் எழுதிக்கொள்வார்கள், லிஸ்டில் பேர் வரும், மதினியால் மறுத்துக் கத்தக்கூட முடியாது. இது எனக்கு எவ்வளவு வேகமாகத் தோன்றியது. தோளில் அவள் கை எடையே இல்லாமல் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் சரியாகத்தான் சொல்வேன் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது, அந்த ஆத்திரத்தில்தான் சொன்னேன், கொஞ்சம் கூட்டியே சொன்னேன், எங்கே குத்தினால் அவர் வாயைத் திறப்பார் என்று எனக்குத் தெரியும். "சார்கிட்டதான் கேக்குறாங்க மேடம். வீடியோவுல அந்தக் கட்டி அன்னைக்கு சார் கண்ணுக்குத் தெரியலையான்னு கேக்குறாங்க. இவ்வளவு பெரிய கழுத்து டாக்டருக்கு அதுகூடத் தெரியலையான்னு." "சங்கரி!" என்றார்கள் மேடம். "அதுக்குத்தான் நம்ம எழுத்துல பதில் குடுத்தாச்சே, தெளிவு இல்லாம" என்று ஆரம்பித்தார்கள். ஜெயசீலன் சார் கையைத் தூக்கினார். "இல்ல மேடம், இருங்க. ஆபீஸ்ல என்ன எழுதினாங்களோ எனக்குத் தெரியாது. கண்ணு தெரியலையான்னு ஒரு பேஷண்ட் கேட்டா நான் பதில் சொல்லணும்." கேமராவுக்குக் கிட்டத்தில் வந்தார். முகத்தில் கோபம் இல்லை, பாடம் நடத்துகிற முகம்தான், புரியாத பிள்ளைக்கு இன்னொரு தடவை சொல்கிற பொறுமை. மதினியைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"வீடியோவைத் தொறந்ததுமே பாத்துட்டேம்மா, அவங்க தண்ணி முழுங்குறதுக்கு முன்னாடியே. அதனாலதானே உன்னை வேற கழுத்து எடுக்கச் சொன்னேன்."